உடைந்த கார்விங் பலகையும் அதற்கேற்ற பைண்டிங்கும்: முறிவைப் படிப்பது முதல் திருகை முடுக்குவது வரை

கார்விங் பலகை, அதாவது விளிம்பால் பனியைக் கீறித் திரும்பும் ஸ்னோபோர்டு, முறிந்துவிட்டது என்று யாராவது சொன்னால், அது எந்த நிறுவனத்தின் பலகை என்று நான் கேட்பதில்லை. எந்த இடத்தில் முறிந்தது என்றுதான் கேட்பேன். முன்கால் பைண்டிங்குக்கு, அதாவது பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பூட்டுக்கு, ஓரிரு விரல் முன்னால் என்ற பதிலே பெரும்பாலும் வரும். பலகை வளைய வேண்டிய பொருள், பைண்டிங் வளையக்கூடாத பொருள். இரண்டும் சந்திக்கும் கோட்டில்தான் முறிவு பிறக்கிறது. ஆகவே புதுப் பலகை ஒன்றை வாங்கி, பழைய பைண்டிங்கை அப்படியே கழற்றி அதில் மாட்டுவது, பல வேளைகளில் அதே முறிவை அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போடுவதாகவே முடிகிறது. முறிந்ததைப் படித்து, அது சொல்வதை வைத்துப் பைண்டிங்கைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

இங்கே பேசப்படுவது, விளிம்பின் மீது முழுமையாகச் சாய்ந்து, சறுக்கி வழியாமல், பனியில் மெல்லிய கோடு கீறித் திரும்பும் ஆல்பைன் வகை ஸ்னோபோர்டு. பனிச்சறுக்குப் பூட்ஸைப் போன்ற கெட்டியான ஓடு கொண்ட ஹார்டு பூட்ஸும், பலகையின் குறுக்காக அல்லாமல் ஏறக்குறைய அதன் நீளவாக்கிலேயே பாதங்களை நிறுத்தும் தட்டு பைண்டிங்கும் இதன் அடையாளங்கள். 2002-ஆம் ஆண்டு சால்ட் லேக் சிட்டி முதல் குளிர்கால ஒலிம்பிக்கில் நடக்கும் இணை ராட்சத ஸ்லாலம் போட்டியில் காண்பது இதைத்தான். மென்பூட்ஸில் கார்விங் செய்பவர்களும் இன்று ஏராளம். அவர்களுக்கான குறிப்பு ஒன்று பின்னால் வருகிறது.

முதற்படி: பலகைக்குள் என்ன இருக்கிறது என்பதை அறிதல்

நடுவில் மரம். பாப்லர், ஆஷ், பீச் போன்ற மரங்களின் கீற்றுகளை நீளவாக்கில் ஒட்டிச் செய்த உள்ளகம் அது. அதன் மேலும் கீழும் எப்பாக்ஸி பிசினில் ஊறிய கண்ணாடியிழைத் துணி. அடியில் பாலிஎத்திலீன் தளம், சுற்றிலும் எஃகு விளிம்பு, பக்கவாட்டில் பிளாஸ்டிக் சுவர். கடந்த இருபது ஆண்டுகளில் பந்தயப் பலகைகளிலும், பிறகு மற்ற கார்விங் பலகைகளிலும் இவற்றோடு டைட்டனால் தகடுகள் சேர்ந்துகொண்டன. பெயரைக் கேட்டு டைட்டானியம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அது ஆஸ்திரியாவில் உருவான, துத்தநாகமும் மக்னீசியமும் செம்பும் கலந்த உயர்வலு அலுமினியக் கலவை. அரை மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ தடிமன் கொண்ட இந்தத் தகடு அதிர்வை அடக்குகிறது. கடினப் பனியில் விளிம்பு படபடக்காமல் ஒட்டி ஓடுவது இதனால்தான். உலோகப் பலகையில் ஒருமுறை ஓடியவர் கண்ணாடியிழைப் பலகைக்குத் திரும்ப மனம் வராமல் தவிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்கு ஒரு விலையும் உண்டு. கண்ணாடியிழையை வளைத்துவிட்டால், அதன் எல்லைக்குள் இருக்கும்வரை, பழைய வடிவுக்கே திரும்பிவிடும். எல்லை மீறினால் வெடித்து முறியும். உலோகத் தகடோ எல்லை மீறிய கணத்தில் முறியாமல் மடிந்து, அந்த மடிப்பிலேயே நிலைத்துவிடுகிறது. பலகையின் மூக்கு பனிக்குழியில் குத்தி மேல்நோக்கி வளையும்போது அடித்தகடு இழுபடுகிறது, மேல்தகடு நெருக்குண்கிறது. மெல்லிய தகடு இழுவையைத் தாங்கும் அளவுக்கு நெருக்கத்தைத் தாங்காது. அடியிலுள்ள பிசினை விட்டுக் கிளம்பி, வேட்டியில் விழும் சுருக்கம்போல் குறுக்கே ஒரு வரியாக எழுந்துவிடும். பைண்டிங்குக்குக் கீழே பலகை வளைய இடமில்லாததால், முழு வளைவும் அதன் முன்விளிம்பில் குவிகிறது. சுருக்கம் அங்கே எழுவதன் காரணம் இதுவே.

இரண்டாம் படி: முறிவைப் படித்தல்

என் முதல் உலோகப் பலகை போனது சுவிட்சர்லாந்து மலைச்சரிவொன்றில், மார்ச் மாதத்துப் பிற்பகலில். காலையில் கண்ணாடிபோல் இருந்த பனி வெயிலில் கூழாகியிருந்தது. முன்காலில் பாரம் மிகுந்த ஒரு திருப்பத்தில், யாரோ விழுந்து எழுந்த குழியில் மூக்கு புகுந்தது. நான் கவிழவில்லை, ஒரு குலுக்கலோடு ஓடி முடித்துவிட்டேன். அன்றிரவு மெழுகு பூசுவதற்காகப் பலகையைத் தாங்கிகளில் கிடத்தி, மேசை விளக்கைத் தாழ்வாக வைத்தபோதுதான் மேற்பரப்பில் விளக்கொளி ஓரிடத்தில் நெளிவதைக் கண்டேன். பைண்டிங்குக்கு முன்னால் ஒன்றரை விரல் தள்ளி, விளிம்பிலிருந்து விளிம்புவரை, தலைமுடி அளவு உயரத்தில் ஒரு மேடு. நகத்தை நீளவாக்கில் ஓட்டினால் டிக்கென்று தடுக்கியது. வெளித்தோற்றத்துக்கு முழுமையாக இருந்த அந்தப் பலகை, உள்ளே அப்போதே செத்துவிட்டிருந்தது.

ஆகவே முதலில் பைண்டிங்கைக் கழற்றுங்கள். கழற்றாமல் பார்ப்பது பாதிப் பார்வை. பலகையைத் துடைத்து உலர்த்தி, பக்கவாட்டிலிருந்து சாய்ந்த ஒளியில் மேற்பரப்பை நோக்குங்கள். பிறகு நகத்தால் நீளவாக்கில் தடவுங்கள். அடுத்து ஒரு நாணயத்தின் விளிம்பால் மெல்லத் தட்டிக்கொண்டே நகருங்கள்: ஒட்டு நன்றாக இருக்கும் இடத்தில் ஒலி கூர்மையாக இருக்கும், படலம் பிரிந்த இடத்தில் மங்கி, ஓட்டைப் பானையைத் தட்டியதுபோல் கேட்கும். இறுதியாக, வாலைத் தரையில் ஊன்றி, மூக்கைப் பிடித்து, நடுவில் முழங்காலை அழுத்தி வளையுங்கள். வளைவு நடுவிலிருந்து இருபுறமும் சீராகப் பரவ வேண்டும். ஓரிடத்தில் மட்டும் கீல் வைத்த கதவுபோல் மடிந்தாலும், உள்ளே நறநறவென்று ஒலி கேட்டாலும் உள்ளகம் போய்விட்டது என்று பொருள்.

காணப்படும் சேதம் எதைச் சொல்கிறது என்பதுதான் பைண்டிங் தேர்வுக்கு முக்கியம். முன் பைண்டிங்குக்கு முன்னால் குறுக்குச் சுருக்கமோ முறிவோ இருந்தால், பலகைக்கும் பைண்டிங்குக்கும் இடையே கெட்டித்தன்மை திடீரென மாறுகிறது என்று கொள்ளலாம். விசையைச் சற்றே விட்டுக்கொடுக்கும் பைண்டிங்கோ, பலகையிலிருந்து தன்னைப் பிரித்துக்கொள்ளும் தனித்தட்டோ (ஆறாம் படியில் வருகிறது) தேவை. மரைக்குழி, அதாவது பைண்டிங் திருகு இறங்கும் எஃகுக் குழி, மேலே பிதுங்கியிருந்தால் காரணம் பெரும்பாலும் தளர்ந்த திருகு. ஒவ்வொரு திருப்பத்திலும் சுத்தியல் அடிபோல் அது குழியை ஆட்டியிருக்கும். மரைக்குழிக்கு நேர் கீழே, பலகையின் அடித்தளத்தில் பருப்போல் மேடு தெரிந்தால் திருகு நீளம் அதிகம். பைண்டிங்கின் ஓரம் மேற்பரப்பில் அரைவட்டமாகப் பதிந்திருந்தால், அந்த ஓரத்தில் மெத்தை எதுவும் இல்லை. பக்கச்சுவரில் நசுங்கலும் எஃகு விளிம்பில் வெடிப்பும் கல்லில் மோதியதன் விளைவு. அதற்கும் பைண்டிங்குக்கும் தொடர்பில்லை, வீணாக அதன் மீது பழி போட வேண்டாம்.

மூன்றாம் படி: எதைப் பழுதுபார்க்கலாம், எதைக் கைவிட வேண்டும்

மூக்கிலோ வாலிலோ விளிம்போரத்திலோ படலம் பிரிந்திருந்தால் வீட்டிலேயே ஒட்டலாம். பிரிவுக்குள் ஈரம் இருக்கக்கூடாது. இரண்டொரு நாள் கதகதப்பான அறையில் உலரவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் எப்பாக்ஸி வேண்டாம், அது இறுகியபின் நொறுங்கும் தன்மையுடையது. மெல்ல இறுகும் நீர்த்த எப்பாக்ஸியே ஏற்றது. மெல்லிய ஆப்பை நுழைத்துப் பிரிவைத் திறந்து, முடி உலர்த்தியால் இளஞ்சூடாக்கினால் பிசின் உள்ளே தானாக ஓடும். ஓடாத மூலை இருந்தால் எதிர்ப்புறத்தில் தூசுறிஞ்சிக் குழாயை வைத்து இழுக்கலாம். மேலும் கீழும் பேக்கிங் தாளும் கட்டைத் துண்டும் வைத்துப் பிடிகருவிகளால் இறுக்கி ஒருநாள் முழுதும் விட்டுவிடுங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் பிசின் எல்லாம் வெளியே வழிந்து ஒட்டு பட்டினி கிடக்கும்.

உலோகத் தகட்டை ஒட்டுவது இவ்வளவு எளிதன்று. அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்ட உடனே ஆக்சைடு படலம் படிந்துவிடுகிறது. தொழிற்சாலையில் தகட்டை வேதிமுறையில் பக்குவப்படுத்தியும், இடையே மெல்லிய ரப்பர் படலம் வைத்தும்தான் ஒட்டுகிறார்கள். வீட்டில் உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, தாமதிக்காமல் பிசின் இட்டால் மூக்கு, வால் ஓரங்களில் ஓரளவு பிடிக்கும். பாதங்களுக்கு இடையிலோ பைண்டிங்கை ஒட்டியோ அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குறுக்குச் சுருக்கம் விழுந்த உலோகப் பலகை, உள்ளகம் மடிந்த பலகை, மரைக்குழி பிடுங்கிய பலகை ஆகிய மூன்றும் மலைக்குத் திரும்பக்கூடாதவை. மரைக்குழியைத் திறமையான பட்டறையில் மாற்ற முடியும். ஆனால் கார்விங்கில் மணிக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில், உடலின் எடையைப் போல் இருமடங்குக்கு மேற்பட்ட விசை ஏறும் இடம் அது. ஸ்னோபோர்டு பைண்டிங் பனிச்சறுக்குப் பைண்டிங்கைப் போல் விழும்போது தானே விடுவிப்பதில்லை. இரண்டு பாதங்களும் பிணைந்திருப்பதே அதன் பாதுகாப்பு. ஒரு பாதம் மட்டும் விடுபட்டால், மற்றொரு காலின் முழங்கால் பலகையின் முழு முறுக்கையும் ஏற்க நேரிடும். சிக்கனம் பார்ப்பதற்கு இது இடமில்லை.

நான்காம் படி: மரைக்குழி அமைப்பும் பலகையின் அகலமும்

மாற்றுப் பலகை கையில் வந்ததும் மரைக்குழிகளைப் பாருங்கள். பெரும்பாலான ஆல்பைன் பலகைகளில் அவை நான்கு செ.மீ. சதுரமாகவோ, நீளவாக்கில் இரண்டு செ.மீ. இடைவெளியிலோ இருக்கும், இரண்டுக்கும் தட்டு பைண்டிங்குகளின் வட்டத்தகடு, அதாவது திருகுகள் நுழையும் வட்டமான தகடு, பொருந்தும். பர்ட்டன் நிறுவனத்தின் பழைய பலகைகளில் முக்கோண வடிவில் குழிகள் இருக்கும், அதற்குத் தனி வட்டத்தகடு வேண்டும். பர்ட்டனின் பிற்காலப் பலகைகளில் குழிகளுக்குப் பதிலாக நீளமான ஒற்றைப் பள்ளம் உண்டு. ஹார்டு பூட்ஸ் கார்விங்குக்கு அதை வாங்காமல் இருப்பதே நலம். சில பந்தயப் பலகைகளில் வழக்கமான குழிகளோடு தனித்தட்டு மாட்டுவதற்கென்றே கூடுதல் குழிகளும் இருக்கும். எது எது எதற்கு என்று தயாரிப்பாளரின் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்து அகலம். விற்பனைத் தாளில் இருப்பது பலகையின் இடுப்பு, அதாவது நடுவில் குறுகிய இடத்தின் அகலம். உங்களுக்கு வேண்டியது பைண்டிங் அமரும் இடத்தின் அகலம், அது சற்றே அதிகமாக இருக்கும். அளவுகோல் வைத்து இரண்டு இடங்களிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: கோணத்தைக் கணக்கிடுதல்

இந்தப் படியில் நேரம் செலவிடுவது வீண்போகாது. பூட்ஸின் முன்முனையோ குதிகாலோ பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், பலகை சாயும்போது அது பனியைத் தொடும். தொட்ட கணத்தில் விளிம்பு பனியை விட்டுக் கிளம்பும். அது முன்னறிவிப்பின்றி நிகழ்வதால், விழுந்தவருக்கு எதனால் விழுந்தோம் என்றே தெரியாது.

பூட்ஸின் அடிப்பகுதியைச் செவ்வகமாக எண்ணிக்கொள்ளுங்கள். நீளம் 30 செ.மீ., அகலம் 7 செ.மீ. என்போம். கோணம் என்பது பலகையின் குறுக்குக் கோட்டிலிருந்து அளப்பது. பூஜ்யம் என்றால் பாதம் முற்றிலும் குறுக்காக நிற்கிறது. பூட்ஸ் பலகையின் குறுக்கே பிடிக்கும் இடம், நீளத்தைக் கோணத்தின் கோசைனால் பெருக்கி, அகலத்தைச் சைனால் பெருக்கி, இரண்டையும் கூட்டினால் கிடைக்கும். 50 பாகையில் ஏறக்குறைய 25 செ.மீ., 55 பாகையில் 23, 60 பாகையில் 21, 65 பாகையில் 19 செ.மீ. வரும். உண்மையான பூட்ஸின் முனைகள் வளைந்திருப்பதால் இதைவிடச் சிறிது குறைவாகவே இருக்கும். பைண்டிங் இடத்தில் 21 செ.மீ. அகலமுள்ள பலகைக்கு இந்தப் பூட்ஸில் 60 பாகை பொருந்தும். 50 பாகையில்தான் நிற்பேன் என்று அடம்பிடித்தால் பக்கத்துக்கு ஏறக்குறைய இரண்டு செ.மீ. வெளியே நீட்டும்.

சிறிது நீட்டினால் என்ன ஆகும்? பூட்ஸின் முனை, விளிம்பைவிட 2 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். அரை செ.மீ. நீட்டல் இருந்தால், பலகை சுமார் 76 பாகை சாய்ந்த பிறகே பனியைத் தொடும். ஒரு செ.மீ. நீட்டினால் 63 பாகையிலேயே தொடும். இரண்டு செ.மீ. என்றால் 45 பாகைதான். விளிம்பு பனிக்குள் சில மி.மீ. புதைந்து ஓடுவதால் நடைமுறையில் இதைவிடவும் முன்னதாகவே தொட்டுவிடும். எனவே அரை செ.மீ. நீட்டலை ஏற்கலாம், அதற்குமேல் போனால் கோணத்தைக் கூட்டுங்கள். அல்லது அகலமான பலகை வாங்குங்கள். கோணத்தை அளவுக்கு மீறிக் கூட்டி, பூட்ஸ் விளிம்புக்கு வெகு உள்ளே நிற்குமாறு வைப்பதும் தவறு. விசை விளிம்புக்குச் சென்று சேரத் தாமதமாகும், பலகை சோம்பேறியாகத் தோன்றும்.

பின்காலை முன்காலைவிட இரண்டு முதல் ஐந்து பாகை குறைவாக வைப்பது வழக்கம். இரண்டு பூட்ஸின் நீளமும் ஒன்றே என்பதால், பின் பைண்டிங் இடத்தின் அகலத்தையும் தனியே சரிபாருங்கள்.

மென்பூட்ஸ்காரர்களுக்கு இதே கணக்கு வேறொரு பாடம் சொல்லும். அடிப்பகுதி 30 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் உள்ள பூட்ஸை 30 பாகையில் நிறுத்தினால் 31 செ.மீ. பிடிக்கும், முனை வளைவைக் கழித்தாலும் 29 செ.மீ. அளவில் நிற்கும். சாதாரணப் பலகையின் இடுப்பு 25 செ.மீ. சுற்றுவட்டத்தில்தான் இருக்கிறது. மென்பூட்ஸ் கார்விங்குக்கென்றே மிக அகலமான பலகைகள் வந்ததற்கு இதுவே காரணம். அவர்கள் பைண்டிங் வாங்கும்போது கெட்டியான பின்தாங்கியையும் அகலமான கணுக்கால் பட்டையையும் பார்க்க வேண்டும். மீதமுள்ள படிகள் அவர்களுக்கும் பொருந்தும்.

ஆறாம் படி: பைண்டிங்கைத் தேர்ந்தெடுத்தல்

தட்டு பைண்டிங்கில் இரண்டு வகை உண்டு. முதலாவதில் குதிகாலுக்குப் பின்னே ஒரு கம்பி வளையமும், முன்முனைக்கு நெம்புகோல் வைத்த ஒரு கம்பி வளையமும் இருக்கும். குதிகாலை அமர்த்தி, குனிந்து, முன் நெம்புகோலைத் தூக்கிப் பூட்ட வேண்டும். இரண்டாவது இன்டெக் எனப்படும் ஸ்டெப்-இன். பூட்ஸின் குதிகாலிலேயே இருபுறமும் வில்லால் தள்ளப்படும் ஊசிகள் உண்டு; முன்முனையை வளையத்துக்குள் நுழைத்துக் குதிகாலை மிதித்தால் ஊசிகள் கிளிக்கென்று பைண்டிங்கின் துளைகளில் அமரும். கழற்றுவதற்குப் பூட்ஸின் மேலிருந்து ஒரு கேபிளை இழுக்க வேண்டும்.

எனக்குக் கம்பி வளைய வகைதான் பிடிக்கும். பூட்டியிருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும். பூட்ஸுக்குப் பக்கவாட்டில் சிறிது அசைவு கிடைப்பதால் பலகைக்குச் செல்லும் அதிர்ச்சியும் குறையும். ஸ்டெப்-இன் வகை பக்கவாட்டில் கெட்டி. முதுகுவலி உள்ளவர்களுக்கும், ஒரு நாளில் முப்பது முறை லிஃப்டில் ஏறி இறங்குபவர்களுக்கும் அதன் வசதி பெரிது. ஆனால் துளையில் பனி அடைத்து, ஓர் ஊசி மட்டும் அமர்ந்து மற்றது அமராமல் நிற்பது உண்டு. எனவே ஒவ்வொரு முறையும் குதிகாலை மேலே இழுத்துப் பார்த்து, இருபுறமும் ஊசி முனையைக் கண்ணால் காண வேண்டும். கேபிள் பூட்ஸுக்குள் இருப்பதால் அறுந்துபோனால் மலையுச்சியில் பூட்ஸிலிருந்து காலை உருவித்தான் வெளியேற முடியும். மாற்றுக் கேபிள் ஒன்று பையில் இருக்கட்டும்.

வகையை முடிவுசெய்தபின் கெட்டித்தன்மை. இந்த இடத்தில்தான் இரண்டாம் படியில் படித்த முறிவு கைகொடுக்கிறது. எஃப்2 நிறுவனத்தின் ரேஸ் டைட்டானியம் போன்ற பைண்டிங்குகளில் அடித்தட்டு உலோகமாகவும், முன்பின் கட்டைகள் பிளாஸ்டிக்காகவும் இருக்கும். விசையில் ஒரு பகுதியை அந்தப் பிளாஸ்டிக் விழுங்கிவிடும். பாம்பர் நிறுவனத்தின் டிடி3 முற்றிலும் உலோகம். வலுவானது, கனமானது, விசையைச் சிந்தாமல் கடத்துவது. அதன் அடியில் வரும் ரப்பர் வளையம் பலகைக்கும் உலோகத்துக்கும் இடையே மெத்தையாகிறது. அந்த வளையம் இல்லாமல் அதை மாட்டவே கூடாது. உலோகத் தகடுள்ள பலகை, அதிலும் முன்பே சுருக்கம் கண்ட அனுபவம் என்றால், எஃப்2 வகையைப் போல் விட்டுக்கொடுக்கும் பைண்டிங்கைத் தேர்ந்தெடுங்கள். தடித்த கண்ணாடியிழைப் பலகையும் தொண்ணூறு கிலோவுக்கு மேற்பட்ட எடையும் உள்ளவருக்கு முழு உலோக வகை ஏற்றது. எடை குறைந்தவர்கள் வலு வேண்டுமென்று கெட்டியான பைண்டிங்கை வாங்கினால் பாதம் மரத்துப்போகும், பலகையின் உணர்வு கால்களுக்கு எட்டாது.

இதைத் தாண்டிய வழி, தனித்தட்டு. பலகைக்குமேல் ஓர் அச்சிலும், நகரக்கூடிய இன்னோர் அச்சிலும் நீளமான தட்டொன்று நிற்கும். இரண்டு பைண்டிங்குகளும் அதன்மேல் அமரும். பலகை தன் முழு நீளத்துக்கும் தடையின்றி வளையும், தட்டு வளையாது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பந்தயங்களில் இது பரவியது. பள்ளமும் மேடுமான தடத்தில் கால்களுக்குக் கிடைக்கும் அமைதி வியப்பளிக்கும். ஆனால் எடையும் உயரமும் கூடும், விலையோ பைண்டிங்கைவிட அதிகம். பந்தயம் ஓடாதவர்களுக்கு இது அவசியமில்லை என்பது என் எண்ணம்.

பழைய பைண்டிங் மலிவாகக் கிடைத்தால் இரண்டைச் சோதியுங்கள். முதலாவது கம்பி வளையத்தின் வளைவு. உலோகக் களைப்பால் வரும் முதல் வெடிப்பு அங்கேதான் தொடங்கும், மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரியும். இரண்டாவது பிளாஸ்டிக். தொண்ணூறுகளில் செய்த பிளாஸ்டிக் பைண்டிங்குகள் பார்வைக்குப் புதுசாக இருந்தாலும் குளிரில் பொரித்த அப்பளம்போல் உடையக்கூடும். இதே எச்சரிக்கை பழைய ஹார்டு பூட்ஸுக்கும் உண்டு.

ஏழாம் படி: உயர்த்தலும் உட்சாய்வும்

முன்பாதத்தின் விரல்பக்கத்தையும் பின்பாதத்தின் குதிகால்பக்கத்தையும் சற்று உயர்த்தினால், கால்களை அகட்டி நிற்கும்போது முழங்கால்கள் இயல்பாக மடியும். டிடி3-இல் 0, 3, 6 பாகை வட்டத்தகடுகள் இதற்கென உண்டு. எஃப்2-இல் பிளாஸ்டிக் ஆப்புகள் வரும். இரண்டிலும் முன்பக்கம் 3, பின்பக்கம் 3 என்று தொடங்கி, பின் முழங்கால் வலித்தால் மட்டும் பின்பக்கத்தை உயர்த்துங்கள். முழங்கால்களை ஒன்றையொன்று நோக்கித் தள்ளும் உட்சாய்வை ஆரம்பத்திலேயே சேர்க்க வேண்டாம். ஒருநாள் ஓடிப் பார்த்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒருசேர மாற்றியவர் எது உதவியது என்று ஒருபோதும் அறிய மாட்டார்.

எட்டாம் படி: மாட்டுதல்

பைண்டிங் திருகுகள் 6 மி.மீ. குறுக்களவும், 1 மி.மீ. மரை இடைவெளியும் கொண்டவை. ஒரு முழுச்சுற்று ஒரு மில்லிமீட்டர் இறங்கும் என்பதால், அளவுகருவி இல்லாமலே ஆழத்தை எண்ணிவிடலாம். முதலில் மரைக்குழிக்குள் ஒரு பல்குச்சியை விட்டு, மேற்பரப்புக்கு நேராக நகத்தால் குறித்து, குழியின் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு வட்டத்தகட்டை வைத்து, திருகு மரையைக் கவ்வும் இடத்திலிருந்து இறுகும்வரை சுற்றுகளை எண்ணுங்கள். ஐந்து முழுச்சுற்றுக்குக் குறைந்தால் திருகு குட்டை. குழியின் ஆழத்துக்கு ஒரு மி.மீ. முன்னதாகவே திருகு நின்றுவிட வேண்டும். அடியைத் தொட்டால் தளத்தில் பரு எழும், தகடும் உண்மையில் இறுகியிருக்காது. சாய்வுள்ள வட்டத்தகட்டில் நான்கு திருகுகளுக்கும் ஒரே நீளம் பொருந்தாது. உயர்ந்த பக்கத்துக்கு நீளமானவை வேண்டும். திருகுகள் பழையவற்றோடு கலந்துவிடுவது இந்த நேரத்தில்தான், ஒவ்வொன்றையும் அளந்து பாருங்கள்.

தலை தேயாமல் இருக்க மூன்றாம் எண் முனையுள்ள திருப்புளியை மட்டும் பயன்படுத்துங்கள். நான்கையும் பாதியளவு இறுக்கிவிட்டு, கட்டிலின் சட்டத்துக்குப் போல்ட் பூட்டுவதைப் போல மூலைக்கு மூலை மாற்றி முழுதாக இறுக்குங்கள். கைவலு போதும், மின்திருப்புளி கூடாது. திருகு தளராமல் பிடிக்கும் மரைப்பசை இட விரும்பினால், பிளாஸ்டிக்கை வெடிக்கச் செய்யாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். கடையில் பரவலாகக் கிடைக்கும் நீலநிறத் திரவம் சில பிளாஸ்டிக்குகளை அரித்துவிடும்.

பூட்ஸைப் பூட்டியபின் முன் நெம்புகோல், உள்ளங்கையால் உறுதியாக அழுத்தினால் மட்டும் படியும் அளவுக்கு இருக்க வேண்டும். விரலால் படிந்தால் தளர்வு. முழங்காலை ஊன்ற வேண்டியிருந்தால் கம்பிக்குக் கேடு. பிறகு பலகையைத் தரைவிரிப்பில் பக்கவாட்டில் சாய்த்து, பூட்ஸின் முனை எந்தச் சாய்வில் தரையைத் தொடுகிறது என்று பாருங்கள். ஐந்தாம் படியின் கணக்கு சரியா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஒன்பதாம் படி: முதல் நாளும் அதன்பின்னும்

முதல் நாள் இரண்டு ஓட்டங்களுக்குப் பிறகு திருகுகளை மீண்டும் இறுக்குங்கள். குளிரில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் சுருங்குவதால் அவை சற்றுத் தளர்ந்தே இருக்கும். மாலையில் பைண்டிங்குக்கு முன்னால் நகத்தை ஒருமுறை ஓட்டுங்கள். கூழ்ப்பனியில், பிற்பகலில், முன்காலில் பாரம் போடுவதைக் குறையுங்கள். எந்தப் பைண்டிங்கும் குழியில் புகும் மூக்கைக் காப்பாற்றாது. பருவம் முடிந்ததும் பைண்டிங்கைக் கழற்றி, மரைக்குழிகளை உலர்த்தி வையுங்கள். ஈரம் தங்கும் குழியைச் சுற்றி மரம் ஊறி உப்பும்.

உடைந்த பழைய பலகையை எறிவதற்கு முன், மரைக்குழியொன்றின் நடுவே வாளால் அறுத்துப் பாருங்கள். குழியின் அடியில் எஃகுத் தட்டு மரத்துக்குக் கீழே அகன்று பிடித்திருப்பதும், அதற்கும் தளத்துக்கும் இடையே எவ்வளவு குறைந்த தடிமன் இருக்கிறது என்பதும் தெளிவாகத் தெரியும். என் பலகையிலிருந்து அறுத்த அந்தத் துண்டு இப்போது மேசை இழுப்பறையில் கிடக்கிறது. புதுத் திருகு எது வாங்கினாலும் முதலில் அதில்தான் இறக்கிப் பார்க்கிறேன்.